பழைய ராணுவ ரைபிளா, புது ரைபிளா? கையில் 600 டாலர்தான்

தண்டையார்பேட்டை_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க அக்கா வீட்டுக்காரர் ஹூஸ்டனில் இருக்கிறார், கிரீன் கார்டு வந்துவிட்டது. ஆபீஸில் கூட இருக்கிறவர்கள் வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய்ச் சுடுகிறார்கள், சீசன் வந்தால் மான் வேட்டைக்கும் போகிறார்களாம், இவருக்கும் ஆசை வந்துவிட்டது. நான் காலேஜில் என்சிசி, .22 டீலக்ஸில் சுட்டிருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக "மச்சான், நீ சொல்றதத்தான் வாங்குவேன்" என்று போனில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ அந்த .22ஐத் தவிர வேறெதுவும் கையால் தொட்டுப் பழக்கமில்லை, மிச்சமெல்லாம் வீடியோ பார்த்த அறிவு.

மாமா மூன்று ரைபிள் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று ரஷ்ய மோசின் நகாந்த், 1943 என்று அடித்திருக்கிறது, நானூறு சொல்கிறார்கள், "ஸ்டாலின்கிராடில் சண்டை போட்ட துப்பாக்கி" என்று விற்கிறவர் சொன்னாராம். இரண்டாவது நம்ம இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட், 2ஏ1 என்று போட்டிருக்கிறது, ஐந்நூறு கேட்கிறார்கள். மூன்றாவது கடையில் புதுசாக வைத்திருக்கும் சாவேஜ் ஆக்சிஸ், .308, ஸ்கோப்போடு கிட்டத்தட்ட அதே விலை. மொத்தமாக 600 டாலரைத் தாண்டக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. மாமாவுக்கு மனசு அந்த இஷாப்பூர் மேல்தான், நம்ம நாட்டுத் துப்பாக்கியை அமெரிக்காவில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா.

அப்புறம் என் சொந்தக் கேள்வி ஒன்று. இங்கே சென்னையில் போலீஸ் கையிலிருந்த அந்த .303 ரைபிள் எல்லாம் கண்டம் பண்ணிக் கழிக்கிறார்களே, அதை ஏலத்தில் நம்மைப் போன்றவர்கள் எடுக்க முடியுமா? இல்லையென்றால் அறுபதாயிரம் ரூபாய்க்குள் என்னதான் வாங்கலாம்? வீட்டுக்குள் துப்பாக்கி வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று அப்பா சொல்கிறார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.


திருவொற்றியூர்_ஹவில்தார்:

தம்பி, முதலில் அந்த ஸ்டாலின்கிராட் கதைக்கு மாமா ஒரு டாலர் கூடக் கொடுக்க வேண்டாம். ஸ்டாலின்கிராட் சண்டை 1943 பிப்ரவரி 2ஆம் தேதி முடிந்துவிட்டது. 1943இல் செய்த துப்பாக்கி அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் அது பெரிய அதிசயம். போர் முடிந்த பிறகு ரஷ்யாக்காரன் இந்த ரைபிள்களை எல்லாம் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, கிடைத்த பாகத்தைப் போட்டுச் சேர்த்து, போல்ட்டில், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டில், இருந்த பழைய நம்பரைத் தேய்த்துவிட்டுப் புது நம்பர் அடித்து, கிரீஸில் முக்கிக் கிடங்கில் அடுக்கி வைத்தான். நம்பர் எல்லாம் ஒத்துப்போகிறது என்று விற்கிறவர் காட்டினாலும் அது பட்டறையில் ஒத்துப்போக வைத்ததாக இருக்கும். சுடுவதற்கு அது குறையே இல்லை, சொல்லப்போனால் பட்டறை பார்த்த துப்பாக்கி நல்லதுதான், ஆனால் சரித்திர விலை கொடுக்கிற சமாச்சாரம் இல்லை.

இஷாப்பூர் 2ஏ1 பற்றித் தெரிந்துகொள். பலர் அதை .303 தோட்டா போடுகிற பழைய ரைபிளைக் குடைந்து 7.62 தோட்டாவுக்கு மாற்றியது என்று நினைக்கிறார்கள். இல்லை. 1962 சீனச் சண்டைக்குப் பிறகு நமக்கு ரைபிள் அவசரமாகத் தேவைப்பட்டது, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற புது எஸ்எல்ஆர் ரைபிள் எல்லாருக்கும் போதவில்லை, அதனால் பழைய லீ என்ஃபீல்ட் வடிவத்தையே எடுத்து, 7.62 நேட்டோ தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குகிற நல்ல எஃகில் புதிதாகவே செய்தார்கள். முதலில் வந்தது 2ஏ, அதில் குறி பார்க்கிற பின் சைட் 2000 மீட்டர் வரை போகும். அவ்வளவு தூரத்துக்கு யார் சுடப்போகிறார்கள் என்று 2ஏ1இல் 800 மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். வண்டி மாதிரி ஓட்டிப் பார்த்து வாங்க முடியாது என்பதால் கண்ணாலும் கையாலும்தான் பார்க்க வேண்டும்.

ராணுவம் ஒரு துப்பாக்கியை ஏன் வெளியே தள்ளுகிறது என்று யோசி. புது மாடல் வந்ததால் தள்ளினால் சரி. குழல் தேய்ந்து கண்டம் ஆனதால் தள்ளியிருந்தால்? ஆயுதக் கிடங்கான கோத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரர், கேஜ் என்ற அளவுக் கருவி போட்டுப் பார்த்து ஆகாது என்றால் சில ரைபிளில் டிபி (டிரில் பர்ப்பஸ்) என்று அடித்து டிரில்லுக்குக் கொடுத்துவிடுவார். நீ என்சிசியில் ரைபிளைப் பிடித்து சலாமி சஸ்த்ர, அதாவது துப்பாக்கி மரியாதை, செய்திருப்பாயே, அதில் பாதி அந்த மாதிரிதான். டிபி என்ற எழுத்து மரக்கட்டையிலோ இரும்பு உடம்பிலோ எங்கே இருந்தாலும் மாமா அதைச் சுடவே கூடாது, சில விற்பனைக்காரர்கள் அந்த எழுத்தைத் தேய்த்துவிட்டு விற்பார்கள், தேய்த்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்.

குழலுக்குள் லைட் அடித்துப் பார்த்தால் குண்டைச் சுழற்றி விடுகிற வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கருப்பாக இருப்பது பிரச்சினை இல்லை, அழுக்காக இருக்கலாம், பள்ளம் பள்ளமாக அரித்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதைவிட முக்கியம் குழல் வாய், குண்டு வெளியே போகிற முனை. குழலைத் துடைக்கிற புல் த்ரூ கயிற்றை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக இழுக்க வேண்டும் என்று வாத்தியார் கத்துவார், ஏனென்றால் சாய்த்துச் சாய்த்து இழுத்தால் கயிறே குழல் வாயை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். ரஷ்யத் துப்பாக்கியில் கயிறு இல்லை, இரும்புக் கம்பி, அதை வாய்ப் பக்கமிருந்து விட்டுத்தான் துடைப்பார்கள், அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். மோசின் சிலவற்றில் தேய்ந்த வாயை உள்ளுக்குக் கொஞ்ச தூரம் குடைந்து விட்டிருப்பார்கள், வெளியே பார்த்தால் ஓட்டை பெரிதாகத் தெரியும், அது பழுதல்ல, பழுது பார்த்த அடையாளம்.

அப்புறம் ஹெட் ஸ்பேஸ். போல்ட் முகத்துக்கும் தோட்டா உட்காருகிற இடத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. இது கூடினால் தோட்டாக் கூடு கிழிந்து புகை முகத்துக்கு வரும். லீ என்ஃபீல்டில் நம்பர் 4 மாடலுக்கு போல்ட் தலையே 0 முதல் 3 வரை அளவு அளவாக வரும், மாற்றிச் சரி செய்யலாம், 2ஏ1க்கு அந்த வசதி இல்லை. அங்கே துப்பாக்கி மெக்கானிக் இருப்பார் இல்லையா, சுடுவதற்கு முன்னால் அவரிடம் கொடுத்து கேஜ் வைத்துப் பார்க்கச் சொல். இதில் சமாதானமே வேண்டாம்.

கட்டையைக் கழற்றிப் பார்க்க விட்டால் ட்ரிகருக்கு முன்னால், உடம்போடு மரம் முட்டுகிற இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். உதை அங்கேதான் இறங்கும்.


கேட்டி_வாசி:

ஹவில்தார் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அது பழையதுதான் வாங்குவேன் என்று முடிவு செய்தவருக்கு. நான் ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறேன், மாமா என்ன செய்யப்போகிறார் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கிரீன் கார்டு என்று சொன்னீர்கள், நல்லது. இதைப் படிக்கிற எச்1பி நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இங்கே தற்காலிக விசாவில் இருக்கிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாக மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், மாநிலம் கொடுக்கிற வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும்தான் உண்டு. நண்பர் ரேஞ்சில் கையில் கொடுத்தார், சும்மா சுட்டேன் என்பதெல்லாம் விசாவுக்கே ஆபத்து. கிரீன் கார்டுக்காரர் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, விசாரணை முடிந்து சட்டப்படி வாங்கலாம். ஆனால் ராணுவத்தின் பழைய ரைபிள்களை விற்கிற சிஎம்பி அமைப்பில் எம்1 காரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைபிள் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது மாமாவுக்கு இல்லை, அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும்.

சரி, பணம். மோசின் 2000களில் நூறு டாலருக்குள் விற்றது, 440 தோட்டா அடைத்த சீல் வைத்த தகர டப்பாவும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. வீடியோக்களில் "பட்ஜெட் ரைபிள்" என்று சொல்கிற பேச்சு எல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு. இப்போது துப்பாக்கி விலை ஏறிவிட்டது, 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி கொடுப்பதில்லை, பழைய சரக்கு தீர்ந்துகொண்டே வருகிறது. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற நிலைமை. .308 தோட்டா எந்தக் கடையிலும் இருக்கும், பத்து கம்பெனி செய்கிறது.

மான் வேட்டைக்கு வருகிறேன். டெக்சாஸில் பெரும்பாலும் கூண்டு போன்ற மறைவிடத்தில் உட்கார்ந்து, விடியும் போதும் இருட்டும் போதும்தான் மான் வெளியே வரும். அந்த வெளிச்சத்தில் இரும்பு சைட்டில் நாற்பது வயதுக்கு மேல் கண் நின்றால் அது கடவுள் புண்ணியம். ஸ்கோப் வேண்டும். மோசினில் ஸ்கோப் மாட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் உடம்பில் துளை போட வேண்டும், நேராக நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கும், அதையும் வெட்டி வளைக்க வேண்டும், அத்தோடு பழம்பொருள் மதிப்பும் போய்விடும். ராணுவ மிச்சத் தோட்டா முழுக்க உலோக உறை போட்டது, மானுக்கு ஆகாது, முனை மெத்தென்று இருக்கிற வேட்டைத் தோட்டா தனியாக வாங்க வேண்டும். இவ்வளவையும் கூட்டினால் 600 எங்கே நிற்கும்?

என் அபிப்பிராயம் ஒளிவுமறைவில்லாமல்: சாவேஜ் ஆக்சிஸ், அல்லது ருகர் அமெரிக்கன், இரண்டில் எது தோளுக்குப் பொருந்துகிறதோ அது. அழகு கிடையாது, பிளாஸ்டிக் கட்டை, போல்ட் இழுத்தால் கரகர என்று சத்தம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்கோப்பைச் சரிசெய்து நூறு கஜத்தில் சுட்டால் குண்டுகள் எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் விழும், கெட்டுப்போனால் கம்பெனி பொறுப்பு. மிச்சப் பணத்தில் தோட்டாவும் காதுக்கு மஃப்பும் வாங்கட்டும். 1971 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் டெக்சாஸில் வேட்டைக் கல்வி வகுப்பு முடித்தாக வேண்டும், அதையும் சொல்லிவிடுங்கள்.


பிட்ஸ்பர்க்_பழசு:

நான் வியாசர்பாடிக்காரன், இப்போது பிட்ஸ்பர்க்கில் குளிரில் நடுங்குகிறேன். கேட்டி நண்பரிடம் ஒரு இடத்தில் மட்டும் சண்டை போடுகிறேன்.

மானுக்கென்றால் புதுசு, மறுபேச்சே இல்லை. ஆனால் மாமா உண்மையிலேயே மானுக்குப் போவாரா? என் அனுபவத்தில் நம்ம ஆட்களில் பத்தில் ஒன்பது பேர் மான் மான் என்று பேசிவிட்டு ரேஞ்சோடு நின்றுவிடுவார்கள். வீட்டில் மரக்கறி சமைக்கிற அக்கா இருந்தால் கேட்கவே வேண்டாம். ரேஞ்சில் மாதம் ஒருமுறை இருபது முப்பது ரவுண்டு சுடுகிற ஆளுக்கு எது சந்தோஷம் என்பதுதான் கேள்வி, அங்கே லீ என்ஃபீல்டின் போல்ட்டை இழுத்துப் பார்த்தவன் திரும்ப ஆக்சிஸ் பக்கம் போகமாட்டான். அந்த வழவழப்பு ஐந்நூறு டாலர் புது ரைபிளில் கிடையாது.

பண விஷயத்திலும் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆக்சிஸைக் கடையை விட்டு வெளியே கொண்டுவந்த உடனே அதன் விலை விழுகிறது, இரண்டு வருடம் கழித்து விற்கப்போனால் பாதிக்குக் கேட்பார்கள், ஏனென்றால் கடையில் புதுசே மலிவு. வெட்டாத, குத்தாத 2ஏ1 போட்ட காசைத் திருப்பிக் கொடுக்கும், இனிமேல் யாரும் அதைச் செய்யப்போவதில்லை. ஐம்பது வருடம் தாண்டிய துப்பாக்கி என்பதால் சேகரிப்பவர்களுக்கான லைசென்ஸ் எடுத்தால் நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம், மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான்.

ராணுவத்தின் 7.62 நேட்டோ தோட்டாவும் கடையில் விற்கிற .308உம் ஒன்றா என்று ஆளாளுக்குச் சண்டை போடுவார்கள். மாமா அந்தச் சண்டைக்குள் போகாமல் 2ஏ1இல் நேட்டோ முத்திரை போட்ட சாதாரண 7.62ஐ மட்டும் போடட்டும், சூடான வேட்டை லோடு வேண்டாம்.

பழைய ராணுவத் தோட்டா எங்கேயாவது மலிவாகக் கிடைத்து வாங்கினால் ஒரு எச்சரிக்கை. தோட்டாவின் அடியில் பற்றவைக்கிற பழைய கேப்பில் இருக்கிற ரசாயனம் வெடித்த பிறகு குழலுக்குள் உப்பாகப் படியும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, அப்புறம்தான் எண்ணெய். ஹூஸ்டன் ஈரப்பதம் கிட்டத்தட்ட நம்ம ராயபுரம் மாதிரி, சுட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் மறுநாள் காலையில் குழல் சிவந்திருக்கும்.


காசிமேடு_காத்து:

தல, எதுக்கு இவ்வளவு யோசனை. மாமாவை அந்த 2ஏ1ஐ அங்கே வாங்கி, வரும்போது பிரித்து சூட்கேஸில் கொண்டுவரச் சொல்லுங்க. மாமாவுக்கும் ஆச்சு, தம்பிக்கும் ஆச்சு :)


பத்து_மீட்டர்:

காசிமேடு நண்பரே, சிரிப்பான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் இதை நிஜமென்று எடுத்துக்கொள்கிற ஆள் இருப்பார் என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவில் ரேஞ்சுக்குப் போன பையைக் காலி பண்ணாமல் எடுத்துவந்து, அடியில் ஒரே ஒரு தோட்டா கிடந்ததற்கு ஏர்போர்ட்டில் கேஸ் ஆனவர்கள் உண்டு. இது முழு ரைபிள், அதுவும் தடைசெய்யப்பட்ட வகை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்த வகையை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் குறைந்தபட்சமே ஏழு வருடம், அதிகபட்சம் பதினான்கு.

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. நான் கொளத்தூர், ஏர் ரைபிள் சுடுகிறவன், பேப்பர் வேலைகளில் அடிபட்டுத் தேறியவன்.

.303 ஏலத்தில் கிடைக்காது. கண்டம் ஆனாலும் கிடைக்காது. 2016 ஆயுத விதிகளில் முதல் வகையிலேயே எழுதியிருக்கிறது, .303 அல்லது 7.62 குழல் அளவில் உள்ள போல்ட் ஆக்‌ஷன் ரைபிள், அந்த ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய வேறு எந்த ரைபிளானாலும் சரி, போலீஸ் வைத்திருந்த .410 மஸ்கட்டும் சேர்த்து, எல்லாம் தடைசெய்யப்பட்டவை. ராணுவத் தோட்டா வெளியாள் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதுதான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கணக்கு. அதனால்தான் நம்ம ஊரில் .315 என்று ஒரு குழல் அளவு இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இப்படிப் புழங்குவதில்லை. உடம்பு அதே லீ என்ஃபீல்ட் சாயல், செய்வது அதே இஷாப்பூர், தோட்டா மட்டும் பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் வம்சம். மாமா அங்கே ஐந்நூறு டாலருக்குத் தடவிப் பார்க்கிற துப்பாக்கியின் சட்டப்படியான தம்பி இங்கே இருக்கிற .315தான். .303ஐக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸில் 2021இல் திறந்த போலீஸ் மியூசியத்துக்குப் போங்கள், பழைய ஆயுதங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, பழையது மலிவு என்ற எண்ணத்தையே இங்கே கழற்றி வைக்க வேண்டும். அமெரிக்காவில் பழையது குவிந்து கிடந்ததால் விலை இறங்கியது. இங்கே எண்பதுகளின் நடுவிலிருந்து சாதாரண ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய வழியில்லை, பெயர்பெற்ற ஷூட்டர்களுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் யாரோ தாத்தா வைத்திருந்த பழைய இங்கிலீஷ் ரைபிள், புத்தம் புது இஷாப்பூரைவிடப் பல மடங்கு விலை போகும். பட்ஜெட்டுக்காகப் பழையது தேடுகிறேன் என்றால் இந்தியாவில் அது தலைகீழ்.

அதுவும் லைசென்ஸ் இருந்தால்தான். சிட்டிக்குள் கமிஷனர் ஆபீஸ்தான் கொடுக்க வேண்டும், எதற்காக வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும், பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், ஸ்டேஷன் விசாரணை, எல்லாம் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்று எழுத முடியாது. கிடைத்தால் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. இன்னொரு லைசென்ஸ்காரரிடம் பழையதாக வாங்கினாலும் விற்கிறவர் முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று லைசென்ஸிலேயே கணக்கு. இவ்வளவும் முடித்து .315ஐ வாங்கி தண்டையார்பேட்டையில் எங்கே சுடப்போகிறீர்கள்? பீரோவில் பூட்டி வைத்து அப்பாவோடு சண்டை போடத்தான் உதவும்.

ஆகவே ஏர் ரைபிள். .177 குழல் அளவு, சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாதது என்றால் லைசென்ஸே வேண்டாம். அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வாங்கியது இதில்தான், நம்ம கடலூர்ப் பொண்ணு இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதைத்தான். பத்து மீட்டரில் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், .303 சுட்ட வீரம் எல்லாம் அந்தப் புள்ளிக்கு முன்னால் அடங்கிவிடும்.


தண்டையார்பேட்டை_தம்பி:

அண்ணா, கோடி நன்றி. .315 ஆசை இத்தோடு போய்விட்டது. ஏர் ரைபிளிலும் அதே கேள்விதான் வருகிறது, அறுபதாயிரத்துக்குப் புதுசு என்றால் இந்தியத் தயாரிப்புதான் கிடைக்கும்போல, கிளப்பில் ஒருவர் ஃபைன்வெர்க்பாவ் என்ற ஜெர்மன் கம்பெனியின் பழைய ஏர் ரைபிள் கொடுக்கிறேன் என்கிறார். 603 என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் பழைய வால்தர் எல்ஜி300 வைத்திருக்கிறார், அது கொஞ்சம் கூட விலை, ஆனால் பார்க்க சூப்பர்.


பத்து_மீட்டர்:

இங்கே மட்டும் என் பதில் பழையதுதான்.

போட்டிக்கென்றே செய்த வெளிநாட்டு மேட்ச் ரைபிள் புதுசாக வாங்கப்போனால் இரண்டு லட்சத்துக்கு மேல். பத்து இருபதாயிரத்துக்குக் கிடைக்கிற ஸ்பிரிங் ரைபிள் பழகுவதற்கு நல்லது, மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஸ்பிரிங் உதைக்கிற உதையில் பெல்லட் குழலை விட்டு வெளியே போவதற்குள் துப்பாக்கியே அசைந்துவிடும், ஸ்கோர் கொஞ்சம் ஏறியதும் அடுத்ததற்கு ஏங்க ஆரம்பித்துவிடுவீர்கள். பழைய மேட்ச் ரைபிளின் குழல் அவ்வளவு சீக்கிரம் தேயாது, மெத்தென்ற ஈய பெல்லட், குறைந்த வேகம், வெடிமருந்து கிடையாது. ராணுவ ரைபிளில் ஹவில்தார் ஐயா சொன்ன குழல் பயம் இதில் கிட்டத்தட்ட இல்லை. தேய்வது ரப்பர் சீல்தான், அதை மாற்றலாம்.

எல்ஜி300 அழகுதான், ஆனால் அது சிலிண்டரில் காற்றடைத்து ஓடுவது. 200 பார், 300 பார் அழுத்தம் தாங்குகிற சிலிண்டருக்கு ஆயுள் உண்டு, அதன் மேலேயே தேதி அடித்திருக்கும். காலாவதியான சிலிண்டரைக் கொண்டுபோனால் போட்டியில் அது உங்கள் பொறுப்பு. புது சிலிண்டர் விலையை விசாரித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். காற்றடைக்க கிளப்பில் ஸ்கூபா டேங்கோ கம்ப்ரஸரோ இருக்கிறதா என்றும் பாருங்கள், கைப்பம்பில் அடித்தால் சுடுவதற்கு முன்னாலேயே கை நடுங்கும்.

603இல் அந்தத் தலைவலியே இல்லை. பக்கத்திலிருக்கும் லீவரை ஒருமுறை இழுத்து மூடினால் ஒரு ஷாட்டுக்கான காற்று தயார், சிலிண்டரும் இல்லை, தேதியும் இல்லை. அறுபது ஷாட் போட்டியில் அறுபது முறை லீவர் இழுப்பது களைப்புதான், 75 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு அது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு விடுகிற நேரம்.

வாங்குவதற்கு முன்னால் கிளப்பிலேயே மேஜையில் தாங்கி வைத்து, ஒரே பெல்லட் டப்பாவிலிருந்து பத்து பத்தாகச் சில குறி அட்டைகளில் சுட்டுப் பாருங்கள், ஓட்டை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி விழ வேண்டும். லீவரை இழுத்து மூடிவிட்டு ஒரு நிமிடம் வைத்திருந்து சுட்டால் பெல்லட் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்கினால் சீல் கசிகிறது, அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம். சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கிற பின்பக்க பீப் சைட் ஒரிஜினலா, அதைத் திருப்பினால் க்ளிக் சரியாக விழுகிறதா, இது ரொம்ப முக்கியம், சைட் தனியாக வாங்கப்போனால் கண்ணீர் வரும். வலதுகைப் பிடியா இடதா என்பதையும் பாருங்கள்.

பெல்லட் ஒன்றுக்குச் சில ரூபாய்தான் ஆகும், அதனால் மிச்சப்படுகிற காசில் ஒரு ஷூட்டிங் ஜாக்கெட் பழையதாகவே வாங்கிவிடுங்கள். புது ஜாக்கெட் இறுகி நிற்கும் என்பார்கள், முதல் வருடத்துக்கு அதெல்லாம் வேண்டாம்.


திருவொற்றியூர்_ஹவில்தார்:

தம்பி, ஜாக்கெட் எல்லாம் இருக்கட்டும், பெல்லட் ஈயம், சுட்டுவிட்டுக் கை கழுவாமல் டீ குடிக்காதே. மாமா என்ன முடிவு செய்தார்?


தண்டையார்பேட்டை_தம்பி:

சரிங்க ஐயா, கழுவிவிடுகிறேன். 603 பேசி முடித்துவிட்டேன், சீல் கசிகிறது என்று காட்டியதும் அவரே ஐந்தாயிரம் குறைத்துவிட்டார். ரைபிள் கிளப் லாக்கரில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது என்றதும் அப்பாவும் சரி என்றார்.

மாமாவிடம் இந்தப் பதில்களை அப்படியே படித்துக் காட்டினேன். மான் வேட்டைக்குப் போவீர்களா மாட்டீர்களா என்று பக்கத்திலிருந்த அக்கா கேட்டாள், அவர் பதிலே சொல்லவில்லை. அதனால் 2ஏ1தான் என்று முடிவாகியிருக்கிறது, மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்து ஓகே சொன்னால் மட்டும். அவர் அனுப்பிய படத்தில் ட்ரிகர் பக்கத்தில் கட்டையில் ஒரு கோடு தெரிகிறது, விரிசலா வெறும் கீறலா என்று தெரியவில்லை, கட்டையைக் கழற்றிக் காட்ட விற்கிறவர் சம்மதிக்கவில்லையாம்.


திருவொற்றியூர்_ஹவில்தார்:

கழற்ற விடவில்லை என்றால் வாங்க வேண்டாம் என்று சொல். 2ஏ1 இன்னொன்று கிடைக்கும்.